ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி, வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதைக் கழற்றிப் பார்க்கத் துடிக்கும் லண்டன் நண்பர்களுக்கு,

இந்தப் பித்து உங்களுக்கும் பிடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கார் பூட் சந்தைக்குப் போகிறீர்கள். துருப்பிடித்த சைக்கிளுக்கும் மூடி தொலைந்த பாத்திரங்களுக்கும் நடுவில் தேக்கு வெனீர் போட்ட இரண்டு பெட்டிகளைக் கண்டுபிடிக்கிறீர்கள். பேரம் பேசி முடித்து, காரின் பின் சீட்டில் குழந்தைக்குப் போடுகிற மாதிரி பெல்ட் போட்டுக் கொண்டுவருகிறீர்கள். பின்பக்க லேபிளில் மெய்ட்ஸ்டோன், இப்ஸ்விச், ப்ராட்ஃபர்ட் என்று ஏதாவது ஊர்ப்பெயர் இருக்கிறது. அதுவரைக்கும் எல்லாம் சரி. அடுத்த வாரம் எனக்குப் போன் வருகிறது: "அண்ணே, கிராஸ்ஓவரை மாத்திட்டேன். ட்வீட்டரும் புதுசாப் போடலாம்னு இருக்கேன். பெட்டிப் பலகை ரொம்ப மெல்லிசா இருக்கு, உள்பக்கம் கனமா எம்.டி.எஃப். ஒட்டிடவா?"

ஒட்டாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு செய்தார்கள். அந்தக் கணக்கு வீட்டிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் வாடகைக்கு இருக்கும் டெரஸ் வீட்டின் முன்னறையை ஒரு தடவை பாருங்கள். நாலு பேர் காலை நீட்டி உட்கார்ந்தால் நிரம்பிவிடும். பலகைத் தரை. ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். ஐம்பதுகளில் ஹை-ஃபை ஆசை உள்ளவர் வீட்டில், மோனோ காலம் என்பதால், மூலையில் பீரோ அளவுக்கு ஒரே ஒரு பெட்டி நிற்கும். 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததும் அந்த மாதிரி இன்னொன்று வேண்டும் என்றாகிவிட்டது. எங்கே வைப்பது? அறையில் இருந்ததே ஒரு நல்ல மூலை. பெட்டி சுருங்கித்தான் தீரவேண்டும் என்ற நிலை அப்படி வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே வந்த சிறிய, நடுத்தர ஸ்பீக்கர்களின் குணம் பாதி இந்த நெருக்கடியில் உருவானது: சின்ன அறை, அளவான சத்தம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஆள்.

மீதிப் பாதி செய்தவர்களின் குணம். கில்பர்ட் பிரிக்ஸ் துணி வியாபாரத்தில் இருந்தவர். 1932-ல் யார்க்‌ஷயரின் இல்க்லி ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். வார்ஃபடேல் பிறந்தது அங்கேதான். பலகை அதிராமல் இருக்க இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவே மணலை நிரப்பிப் பெட்டி செய்து விற்றவர் அவர். (அதைத் தூக்கி மாடி ஏற்றியவர்களின் முதுகு என்ன ஆனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.) 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை எடுத்து, மேடையில் கலைஞர்களை நேரில் வாசிக்கச் சொல்லி, அடுத்து அதையே ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, கூடியிருந்த ஜனங்களையே ஒப்பிடச் சொன்னார். இன்று எந்தக் கம்பெனிக்கு அந்தத் தைரியம் வரும்? அந்த நிகழ்ச்சிக்குத் துணை நின்றவர் பீட்டர் வாக்கர், ஹன்டிங்டனில் க்வாட் கம்பெனி நடத்தியவர். அவர் செய்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரைப் பற்றிப் பின்னால் எச்சரிக்கையோடு சொல்கிறேன்.

ஆனால் உங்களில் பலர் கையில் இருப்பதோ, வாங்கத் துடிப்பதோ பி.பி.சி. பரம்பரையைச் சேர்ந்த பெட்டி. ஆகவே அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சர்ரேயில் கிங்ஸ்வுட் வாரன் என்றொரு பழைய மாளிகை. 1948 முதல் பி.பி.சி. ஆராய்ச்சித் துறை அங்கே இருந்தது. அவர்களுக்கு ஸ்பீக்கர் விற்கும் கவலை இல்லை. ஒலிபரப்பாகும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பொறியாளர் தீர்ப்புச் சொல்ல ஒரு கருவி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்தக் கருவியைச் சோதிக்க அவர்களுக்கு இருந்த வசதி வேறு யாருக்கும் இல்லை. கன்ட்ரோல் அறையில் ஸ்பீக்கர் வழியாக ஒருவர் பேசுவது கேட்கிறது. கதவைத் திறந்து ஸ்டூடியோவுக்குள் போனால் அதே மனிதர் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு குரலும் ஒன்றுபோல இல்லையென்றால் ஸ்பீக்கர்தான் பொய் சொல்கிறது. இசையில் ஏமாற்றிவிடலாம், ஏனென்றால் அந்த வயலின் நிஜத்தில் எப்படி ஒலித்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. பக்கத்து அறையில் இருக்கும் மனிதக் குரலில் ஏமாற்ற முடியாது.

குரலை ஒப்பிட்ட அந்தக் காதுதான் பெட்டியின் ஒவ்வொரு பாகத்தையும் தீர்மானித்தது. காகிதக் கோன்கள் ஒரு லாட்டுக்கு ஒரு மாதிரி வந்தன, ஈரப்பதத்துக்கும் மாறின. அதனால் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துக் கோன் செய்தார்கள். அதன்மேல் பிசுபிசுப்பான ஒரு பூச்சு. இதில் கோன் கனத்துப்போகிறது, சத்தம் குறைகிறது. குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்த வேலையில் இருந்த ஸ்பென்சர் ஹியூஸ்தான் பிறகு மனைவி டொரத்தியின் பெயரையும் சேர்த்து ஸ்பென்டார் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய பி.சி.1 ஸ்பீக்கரின் பெயரிலுள்ள 'பி', பெக்ஸ்ட்ரீனைத்தான் குறிக்கிறது. துறையின் பெரியவர் டட்லி ஹார்வுட் 1977-ல் ஹார்பெத்தைத் தொடங்கினார், அதிலும் மனைவி எலிசபெத்தின் பெயர் பாதி இருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்பீக்கர் வரலாற்றில் மனைவிமாரின் பங்கை யாராவது தனியாக எழுதலாம்.

இப்போது உங்கள் எம்.டி.எஃப். யோசனைக்கு வருகிறேன். எந்தப் பலகையும் அதிரும். தடியான பலகை குறைவாக அதிரும் என்றாலும், அது அதிர்கிற இடம் மேலே ஏறிக் குரலின் எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், சீக்கிரத்தில் அடங்கவும் செய்யாது. ஹார்வுட்டும் அவருடன் இருந்தவர்களும் நேர் எதிராகப் போனார்கள். மெல்லிய பர்ச் ப்ளைவுட்டை எடுத்து, உள்பக்கம் தார் போன்ற பிடுமன் அட்டைகளை ஒட்டினார்கள். பலகை அதிரும் இடம் கீழே இறங்கிவிடுகிறது, அங்கே காதுக்குக் கூர்மை குறைவு. பிடுமன் அதைச் சட்டென்று அடக்கியும் விடுகிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று ஒரு செத்த சத்தம்தான் வரும். நீங்கள் உள்ளே கனமான பலகையை ஒட்டினால், அவர்கள் பாடுபட்டுக் கீழே இறக்கியதை மறுபடி பாடகரின் தொண்டைக்குப் பக்கத்தில் ஏற்றி வைக்கிறீர்கள்.

பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ-வை எடுத்துக்கொள்வோம். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான இதற்கு இன்று ஆயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். இது பிறந்ததே வேறொரு வேலையின் துணை விளைவாகத்தான். பி.பி.சி. ஸ்டூடியோ கட்டுவதற்கு முன் எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து அதற்குள் ஒலியைச் சோதிப்பார்கள். அந்த வேலைக்காகச் செய்த சிறிய ஸ்பீக்கர் கேட்க நன்றாக இருந்தது. ஒலிபரப்பு வேன்களுக்குள் பெரிய மானிட்டர் வைக்க இடமில்லை என்ற தேவையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து எழுபதுகளின் நடுவில் இந்தப் பெட்டி ஆயிற்று. கெஃப் கம்பெனியின் இரண்டு யூனிட்டுகள்: கீழே ஐந்து அங்குல பி-110 வூஃபர், மேலே டி-27 ட்வீட்டர். ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பென்டார், ஹார்பெத் என்று பல பெயர்களில் வந்தாலும் எல்லாம் பி.பி.சி. உரிமம் கொடுத்துச் செய்யவைத்தவைதான்.

துணி கிரில்லைப் பிரித்தால் ட்வீட்டரைச் சுற்றிச் சதுரமாகத் தடித்த கம்பளிப் பட்டைகள் ஒட்டியிருக்கும். பெட்டி விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒலியை விழுங்க வைத்தது அது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர் அதைச் சுரண்டி எடுத்தே விட்டார்! கிரில்லும் அலங்காரத்துக்கு இல்லை. அந்தத் துணியும் சட்டமும் இருக்கும் என்று வைத்துத்தான் ஒலியைச் சமன் செய்திருக்கிறார்கள். இன்னும் உள்ளே போனால் கிராஸ்ஓவர் பலகையில் ஒரு சுருளிலிருந்து பல கிளைகள் வெளியே வரும். எந்த இரண்டு ட்வீட்டரும் ஒரே அளவு சத்தம் தருவதில்லை. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் அளந்து பார்த்து, இந்த ட்வீட்டருக்கு இந்தக் கிளை என்று தொழிற்சாலையில் யாரோ உட்கார்ந்து பற்றவைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் மட்டும் ட்வீட்டரை மாற்றினால் அந்த உழைப்பு போச்சு. இரண்டு பக்கமும் மாற்றினாலும் போச்சு.

கெப்பாசிட்டரை மாற்றச் சொல்கிற ஆசாமிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்.எஸ்.3/5ஏ-வின் பழைய கிராஸ்ஓவரில் இருப்பவை ஃபிலிம் வகை. லேசில் கெடாது. மலிவு மாடல்களில் எலக்ட்ரோலிட்டிக் இருக்கும். அது ஐம்பது வருடத்தில் அளவு பிசகியிருக்கலாம். அங்கே மீட்டரில் அளந்து பார்த்து, அதே மதிப்பில் மாற்றுவது நியாயம். அளக்காமல் மாற்றுவது வேண்டுதல்.

சரி, கழற்றாமல் என்னதான் செய்வது? கேளுங்கள்.

முதலில் ஒரு மோனோ இசைத்தட்டு. காத்லீன் ஃபெரியர் டெக்காவுக்குப் பாடியது கிடைத்தால் உத்தமம். 1953-ல் காலமானவர், எல்லாம் மோனோதான். அவர் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் சரியாக நடுவில், காற்றில் நிற்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்தால் ஒரு ட்வீட்டர் தளர்ந்திருக்கிறது. எங்கும் நிற்காமல் அகலமாகப் பரவிக் கிடந்தால் ஒயரில் கூட்டலும் கழித்தலும் ஒரு பக்கம் மாறியிருக்கிறது. காசு கொடுக்கும் முன்பே செய்ய வேண்டிய சோதனை இது, ஐந்து நிமிடம் போதும். வேறொன்றும் செய்யலாம்: வூஃபர் கோனின் இரண்டு ஓரத்திலும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே கரகரவென்று உரசினால் வாங்காதீர்கள்.

அடுத்து நம் பாட்டு. ஒன்றாம் கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பெண் குரலுக்கு 196. மேல் பஞ்சமம் வரை போனாலும் 600-ஐத் தொடாது. எல்.எஸ்.3/5ஏ-வில் வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு வேலை கைமாறுவது 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில். அதாவது பாடகரின் ஸ்வரம் முழுவதும் ஒரே பி-110 கோனிலிருந்து வருகிறது, நடுவில் ஆள் மாறுவதில்லை. செம்மங்குடியின் குரலில் இருக்கும் கரடு, மூச்சுப் பிடித்துத் தள்ளும் இடம், சங்கதி முடிந்ததும் தொண்டை தளர்வது எல்லாம் ஒரே ஆளிடமிருந்து ஒரே இடத்திலிருந்து வருவதாகக் கேட்கும். பின்னால் தம்புரா. மட்டமான ஸ்பீக்கரில் அது ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். இதில் பஞ்சமத் தந்தி மீட்டியதும் ஒலி விரிந்து, மேலே ஒவ்வொரு அடுக்காக மினுங்கி, அடுத்த தந்தி வருவதற்குள் மடங்குவது தெரியும். சத்தத்தை ஏற்றாதீர்கள். பாடகர் உங்கள் எதிரில் பாயில் உட்கார்ந்து பாடினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு. அதற்குமேல் வைத்தால் இந்தப் பெட்டி திணறும். நீங்கள் சத்தம் ஏற்றி உண்டாக்கிய குறையைப் பெட்டியின் குறை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மிருதங்கத்தின் தொப்பிக்கு ஒரு நிறைவு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது கொஞ்சம் கண்கட்டு வித்தை. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே லேசாக மேடு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வெகுதூரம் போவதற்குள் சரக்கு தீர்ந்துவிடும். ஆர்கன் இசையின் அடிமட்டத்தை இதில் தேடினால் கிடைக்காது. அது வேண்டுமானால் டானாய் டூயல் கான்சென்ட்ரிக்கைப் பாருங்கள். பதினைந்து அங்குல வூஃபரின் நட்டநடுவில், காந்தத்தைத் துளைத்துக்கொண்டு ட்வீட்டர் வருகிறது. 1947-லேயே செய்துவிட்டார்கள். மகத்தான பொருள், மறுக்கவில்லை. அதற்கு ஒரு கூடம் வேண்டும், உங்களுக்கோ எனக்கோ அது இல்லை.

பெட்டியை எங்கே வைப்பது? 'புக்‌ஷெல்ஃப்' என்று பெயர் இருப்பதால் புத்தக அலமாரியில் திணிக்காதீர்கள். நல்ல ஸ்டாண்டில், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி, சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். இந்த ஒன்றால் வரும் பலன், நீங்கள் கிராஸ்ஓவருக்குப் போட்ட காசால் வந்ததைவிட மேல். ஆம்ப்ளிஃபயர் பூதாகாரமாக இருக்க வேண்டியதில்லை. எல்.எஸ்.3/5ஏ தாங்குவதே 25 வாட் என்றுதான் அன்று குறித்தார்கள்.

எச்சரிக்கை என்று சொன்னேனே, க்வாட் இ.எஸ்.எல். 1957-ல் விற்பனைக்கு வந்து 1985 வரை தயாரிப்பில் இருந்தது. சுவரோரம் நிற்கும் ரூம் ஹீட்டர் போல இருக்கும். கோனும் இல்லை, பெட்டியும் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் இரண்டு துளைத் தகடுகளுக்கு நடுவே அதிர்கிறது. எடையே இல்லாத பொருள் என்பதால் சத்தம் தொடங்குவதும் நிற்பதும் அந்த நொடியே. வீணையின் மீட்டு, ஸ்வரத்துக்கு முன்னால் நகம் தந்தியில் படுகிற அந்த 'டிக்', இதில் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் போர்வை போர்த்தியது போலத் தோன்றும். ஒரே ஒரு நாற்காலியில்தான் அந்தச் சுகம், பக்கத்தில் நகர்ந்தால் பாதி போய்விடும். தம்பதியாக ரசிக்க விரும்புகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். இதைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்வது ரசனைக்காக இல்லை, உயிருக்காக. உள்ளே பேஸ் தகடுகளில் சுமார் 6,000 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கியபின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப்பை மாட்டி அலறவிட்டாலும் படலத்தில் தீப்பொறி பாய்ந்து ஓட்டை விழும். வாக்கரே இதற்குத் துணையாக விற்ற க்வாட் 2 வால்வு ஆம்ப் 15 வாட்தான். பழுதானால் இந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறார்கள்.

எதையுமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்துபோயிருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். எழுபதுகளில் வந்த டானாய் எச்.பி.டி. எல்லாவற்றுக்கும் இந்த நோய் உண்டு. அதற்கு முந்தைய ரெட், கோல்டு யூனிட்டுகளுக்கு அந்த ஃபோம் கிடையாது, பிழைத்துக்கொண்டன. பி-110-ன் ரப்பர் வளையம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பின்பக்கம் ட்ரெபிள் திருகி இருந்து கரகரத்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிறையத் தடவை திருப்புங்கள், பாதி வியாதி அதிலேயே தீரும். இரண்டு முனை டின் சாக்கெட் இருந்தால் பெட்டியில் ஓட்டை போட்டுப் புது டெர்மினல் வைக்காதீர்கள். அதற்கேற்ற பிளக் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது.

இன்னும் வாங்காதவர்களுக்கு: எல்.எஸ்.3/5ஏ விலையைப் பார்த்து மனம் நொந்துபோக வேண்டாம். கெஃப் கிரெஸ்டாவில் இருப்பதும் அதே பி-110, டி-27 ஜோடிதான். பெட்டியும் கிராஸ்ஓவரும் அந்தத் தரம் இல்லை, இருந்தாலும் குரலில் அந்தக் குடும்ப ஜாடை இருக்கும். ரோஜர்ஸை நிறுவிய ஜிம் ரோஜர்ஸ் பிறகு தனியாகச் செய்த ஜே.ஆர்.149-லும் அதே யூனிட்டுகள். அலுமினியத் தகட்டை உருளையாக வளைத்துச் செய்தது, குப்பைக்கூடை போல இருக்கும். அந்தத் தோற்றத்தாலேயே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், உங்களுக்கு லாபம். செலஸ்டியன் டிட்டன் 15-ம் வாங்கத் தகுந்ததுதான். விளம்பரத்தில் 'அப்கிரேடு செய்தது' என்று இருந்தால் நான் போன் செய்வதே இல்லை. ஒருமுறை ஒரு கடைக்காரர் அந்த ஒரு வார்த்தைக்கு இருநூறு பவுண்டு கூடுதலாகக் கேட்டார். கழித்துக் கொடுக்க வேண்டிய தொகை அது.

இவ்வளவு சொல்லியும் கை ஊறுகிறவர்கள் இருப்பீர்கள். சரி, கழற்றுங்கள். முதலில் போட்டோ எடுங்கள். எந்த ஒயர் எந்த முனையில் என்று டேப் ஒட்டி எழுதுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும், திருகு உட்பட, எறியாமல் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். விற்கும்போது அந்தப் பையையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே ட்வீட்டரை மாற்றிவிட்டவர்கள் யாரிடமாவது ஒற்றை டி-27 சும்மா கிடந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். ஹாரோவில் ஒரு நண்பரின் கிரெஸ்டா இடது பக்கம் ஊமையாகிக் கிடக்கிறது. நியாயமான விலை கொடுப்பார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்